குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்க ட்ரைபாடா, லென்ஸ் ஸ்டெபிலைசேஷனா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாயங்கால வெளிச்சம் இறங்கியதும் படம் ஆடிப்போகிறது என்று சொன்னால், ஒருவர் "நல்ல ட்ரைபாட் வாங்குங்க" என்பார். இன்னொருவர் "லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைத் தானே சரிக்கட்டும் வசதி) இருக்கே, அது எதுக்கு?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. எதிரில் இருப்பது அசைகிறதா, ட்ரைபாடை ஊன்ற அங்கே உறுதியான தரை இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் எது வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். குளக்கரை, தேர், கடற்கரை, வயல் என்று டெல்டாவில் நாம் போகும் இடங்களை வைத்தே ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படிகளை முன்பின்னாகச் செய்வதால்தான்.

1. எது அசைகிறது என்று முதலில் பாருங்கள்

இருட்டில், ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கேமரா அசைந்தால் படம் முழுவதும் ஆடும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அவர் மட்டும் ஆடுவார். ட்ரைபாடும் ஸ்டெபிலைசேஷனும் முதல் வகை ஆட்டத்துக்குத்தான் மருந்து. இரண்டாவதற்கு இரண்டுமே உதவாது.

திருவையாறு ஆராதனையில் தவில் வாசிப்பவரின் கையைப் பிடிக்க 1/250 நொடியாவது வேண்டும். நடந்து போகிறவருக்கு 1/125. நின்று பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/60 போதும். இந்த வேகங்களில் சாதாரண லென்ஸ் என்றால் கை நடுக்கம் பெரிய பிரச்சினையே இல்லை. அங்கே தேவைப்படுவது பெரிய அபெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் வாசல்; எஃப் எண் சிறிதானால் வாசல் பெரிது) உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வும் (கேமராவின் ஒளி உணர்திறன்).

எஃப்/5.6 லென்ஸை எடுத்துவிட்டு எஃப்/1.8 லென்ஸைப் போட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆட்களைப் படமெடுக்கத்தான் ஆசை என்றால் ட்ரைபாடுக்கு வைத்திருக்கும் பணத்தை அப்படியொரு லென்ஸில் போடுங்கள். ஆனால் மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அது தெரியாமல் வாங்கிவிட்டு 1/15 நொடியில் கையில் பிடித்து எடுத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

2. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ட்ரைபாடில் உயரத்தைவிட உறுதியைப் பாருங்கள். நடுத்தண்டைத் தூக்காமலே நெஞ்சு உயரம் வந்தால் போதும். எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதோ அதில் பாதிக்குள் உங்கள் கேமராவும் லென்ஸும் அடங்க வேண்டும். வயலுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்களுக்குத் திருகுப் பூட்டைவிட மடக்குப் பூட்டு வசதி. மண் புகுந்தாலும் துடைத்துவிடலாம்.

கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் கேமராவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரைபாடைச் சுமந்துகொண்டு வேளாங்கண்ணி வரை போய்விட்டு, பிளேட் வீட்டில் இன்னொரு கேமராவில் மாட்டியிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வருவது அடிக்கடி நடக்கிற கதை.

கூடவே ஒரு பருத்தித் துண்டு, சின்ன டார்ச், லென்ஸ் துடைக்கும் துணி, உளுந்து நிரப்பிக் கட்டிய ஒரு கைப்பிடித் துணிப்பை. உளுந்துப் பை எதற்கென்று ஏழாவது படியில் சொல்கிறேன். சம்பா அறுத்த வயலில் உளுந்து விளைகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

மார்கழி விடியலுக்குப் போகிறீர்கள் என்றால் ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுக்காதீர்கள். வெளியே இருக்கும் ஈரக்காற்று லென்ஸில் படிந்து மங்கிவிடும். அரை மணி நேரம் முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

3. உங்கள் கையின் எல்லையை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இதுதான். இதைச் செய்யாதவருக்கு ட்ரைபாட் எப்போது வேண்டும் என்பது எப்போதும் குத்துமதிப்பாகவே இருக்கும்.

கையில் பிடித்து எடுக்க எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரம் (அதில் மி.மீ. என்று போட்டிருக்கும் எண்) எவ்வளவோ, ஒரு நொடியை அந்த எண்ணால் வகுத்தது. 50 மி.மீ. என்றால் 1/50. நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய சென்சார் கேமராவில் அந்தக் குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்க வேண்டும். கேனான் என்றால் 1.6. ஆக 50 மி.மீ.க்குச் சுமார் 1/80. இது ஸ்டெபிலைசேஷன் இல்லாத கைக்கு.

ஸ்டெபிலைசேஷன் எத்தனை ஸ்டாப் தருகிறது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரட்டிப்பாகும். 1/80 இலிருந்து 1/40, 1/20, 1/10, 1/5 என்று நான்கு ஸ்டாப். அந்த எண் சோதனைக் கூடத்தில் எடுத்தது. உங்கள் கைக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். ராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும் பொடி எழுத்துதான் நம் சோதனைத் தாள். கேமராவை ஷட்டர் முன்னுரிமை மோடில் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விடுங்கள். 1/60, 1/30, 1/15, 1/8, 1/4 என்று இறங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி, பத்தில் ஏழு படமாவது தெளிவாக இருக்கும் கடைசி வேகம் எது என்று பாருங்கள். அதுதான் உங்கள் எல்லை. பிறகு ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உண்மையான ஸ்டாப் கணக்கு.

ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனையிலும் செய்யுங்கள். நீண்ட முனையில் எல்லை கண்டிப்பாக மேலே ஏறும். அப்புறம், இரண்டாவது டிகிரி காபி குடித்த கையோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அல்லது வழக்கமாகக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள் என்றால் குடித்தே செய்யுங்கள்.

4. ட்ரைபாடை ஊன்ற அனுமதி உண்டா?

தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாசலில் காவலரிடம் வாதாடிப் பயனில்லை. கேமராவைக் கையில் வைத்து எடுப்பதாக முடிவு செய்துவிட்டால் ட்ரைபாடை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

மற்றக் கோயில்களில் அந்தந்த அலுவலகத்தில் கேட்பதுதான் வழி. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொன்ன பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. சந்நிதிப் பக்கம் கேமராவே கூடாது என்பதை யாரும் சொல்லாமலே நாம் கடைப்பிடிக்க வேண்டும்.

5. தரையைப் பார்த்து ஊன்றுங்கள்

முதலில் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து, குனிந்து, உட்கார்ந்து பார்த்து எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்யுங்கள். ட்ரைபாடை விரித்துவிட்டால் யாருக்கும் அதை நகர்த்த மனம் வராது. காரிலிருந்து இறங்கிய இடத்தில், கண் உயரத்தில் எடுத்த படங்கள் இவ்வளவு இருப்பதற்கு அதுதான் காரணம்.

கால்களில் தடித்த பாகத்தை முதலில் நீட்டுங்கள், மெல்லிய பாகம் கடைசி. ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். முன்பாரம் உள்ள லென்ஸ் குப்புற விழாமல் அது தாங்கும்; உங்களுக்கும் பின்னால் நிற்க இடம் கிடைக்கும். குளத்துப் படிக்கட்டில் மட்டும் மாற்றிச் செய்யுங்கள்: இரண்டு கால் கீழ்ப்படியில், ஒரு கால் மேல்படியில்.

வயலில்: டெல்டாவின் களிமண் ஈரமாக இருந்தால் கால் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒவ்வொரு காலுக்கடியிலும் ஓர் ஓட்டுச்சில்லோ பலகைத் துண்டோ வையுங்கள். வரப்பில் ஊன்றினால் நீங்கள் காலை மாற்றி நின்றாலே ட்ரைபாட் ஆடும். ஷட்டரை விட்டபின் அசையாமல் நில்லுங்கள்.

கடற்கரையில்: தரங்கம்பாடியிலோ பூம்புகாரிலோ சூரியன் கடலுக்கு மேல் எழுவதை எடுக்கிறீர்கள் என்றால், கால்களை மணலில் அழுத்திப் புதைத்து, இனி இறங்காது என்ற நிலை வந்த பிறகுதான் கேமராவை மாட்டுங்கள். அலை வந்து தொட்டுவிட்டுப் போனால் காலடி மணல் அரிக்கும். மறுபடி அழுத்திச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த படம்.

பாலத்தில்: காவிரி, கொள்ளிடம் பாலங்களில் ஒரு பேருந்து போனாலே தளம் அதிரும். ட்ரைபாடும் கூடவே அதிரும். வண்டி இல்லாத இடைவெளிக்குக் காத்திருங்கள். நான்கு நொடி எடுக்கப் போகிறீர்கள் என்றால் கரையில் இறங்கி நிற்பது நல்லது.

காற்றில்: ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒன்றரைக் கிலோ ட்ரைபாட் எம்மாத்திரம். நடுத்தண்டைத் தூக்கவே கூடாது, கால்களின் நீளத்தைக் குறைத்துத் தாழ்வாக வையுங்கள், கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். வார் படபடப்பதே படத்தை ஆட்டப் போதும். பையைக் கொக்கியில் தொங்கவிடச் சொல்வார்கள். சரிதான், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை இருப்பதைவிட இல்லாததே மேல்.

படகில் ட்ரைபாட் வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகே அசைகிறது. அதன்மேல் ஊன்றிய எதுவும் அதோடுதான் அசையும். அங்கே கையும் ஸ்டெபிலைசேஷனும்தான்.

6. ட்ரைபாடில் கேமராவை அமைக்கும் வரிசை

முதல் வேலை, ஸ்டெபிலைசேஷனை அணைப்பது. கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., சோனியில் ஓ.எஸ்.எஸ்., டாம்ரானில் வி.சி., சிக்மாவில் ஓ.எஸ். என்று லென்ஸின் பக்கவாட்டிலோ மெனுவிலோ இருக்கும். உடம்பிலேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா என்றால் அதையும் அணையுங்கள். அசைவைத் தேடித் தேடிச் சரிசெய்யும் அந்தக் கருவி, அசைவே இல்லாத இடத்தில் தானே மெல்ல நகர்ந்து படத்தைக் கெடுக்கக்கூடும். ட்ரைபாடில் இருப்பதைத் தானே உணரும் புது லென்ஸ்கள் இருக்கின்றன. உங்களுடையது அப்படியா என்று தெரியாவிட்டால் அணைத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

இரண்டாவது, ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை நிறுத்தி 100 இல் வைப்பது. இதை மறந்தால் கேமரா தன்பாட்டுக்கு 3200 க்குப் போய், கையில் பிடித்து எடுத்ததைப் போலவே புள்ளி புள்ளியாக ஒரு படம் தரும். ட்ரைபாடைச் சுமந்து வந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

மூன்றாவது, அபெர்ச்சர் எஃப்/8. எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப்/22 க்குப் போகாதீர்கள். அந்த அளவில் ஒளி சிதறிப் படம் மழுங்கும்.

பிறகு ஃபோகஸ். திரையில் பார்த்தபடி, விளக்கின் ஓரம் அல்லது ஒரு பெயர்ப் பலகை எழுத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, அடுத்த நொடியே மேனுவலுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் இருட்டில் மறுபடி தேடும்.

கடைசியாக 2 நொடி டைமர். பட்டனை அழுத்தும் விரலே ட்ரைபாடை ஆட்டும். பழைய டி.எஸ்.எல்.ஆர். என்றால் கண்ணாடி எழும் அதிர்வும் சேரும். அந்தக் கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்தும் மிரர் லாக் வசதி இருந்தால் போடுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கும்பகோணம் மகாமகக் குளத்தின் கரையில், விளக்குப் போட்டபின் எதிர்க்கரை மண்டபங்களை எடுக்கிறீர்கள். வெளிச்சம் சுமாராக இருந்தால் ட்ரைபாடில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, 4 நொடி வரும். அதே காட்சியைக் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் கையில் எடுத்தால் ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/3.5, சுமார் 1/20 நொடி. ஸ்டெபிலைசேஷன் இதை அலட்டாமல் தாங்கும். 55 மி.மீ. முனைக்குப் போனால் அபெர்ச்சர் எஃப்/5.6 ஆகக் குறுகி 1/8 நொடி ஆகும். கணக்குப்படி 1/80 வேண்டிய இடம். மூன்று ஸ்டாப்புக்கு மேல் பள்ளம். ஐந்து எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

ஆக அகலமாக எடுக்கும்போது, போனில் பார்க்கவும் பகிரவும்தான் படம் என்றால், ட்ரைபாட் இல்லாமலே சமாளிக்கலாம் என்பேன். பெரிதாக அச்சுப்போட வேண்டும், அல்லது நீர்ப்பரப்பு சலனமில்லாமல் வர வேண்டும் என்றால் அந்த 4 நொடிக்கு மாற்று கிடையாது. அந்த 4 நொடியில் படியில் நடப்பவர்கள் புகையாகக் கரைந்துவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். சில சமயம் அதுவே அழகு.

நேரம் முக்கியம். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் 20, 25 நிமிடத்தில் முடிந்துவிடும். வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்தால்தான் கோபுரமும் வானமும் பிரிந்து தெரியும். சூரியன் மறையும் முன்பே ட்ரைபாட் ஊன்றித் தயாராக இருங்கள். வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள்.

20 நொடி படம் எடுத்தபின் கேமரா இன்னும் 20 நொடி ஒன்றும் செய்யாமல் நின்றால் பயப்படாதீர்கள், அணைக்கவும் வேண்டாம். நீண்ட நேரப் படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி (நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு) வேலை செய்கிறது. அந்திக்குள் நிறைய எடுக்க வேண்டுமானால் அதை மெனுவில் நிறுத்திவிடலாம்.

7. ட்ரைபாட் இல்லாமல், ஸ்டெபிலைசேஷனை நம்பி எடுக்கும் வரிசை

ஸ்டெபிலைசேஷனைப் போடுங்கள். மூன்றாவது படியில் கண்டுபிடித்த எல்லைக்குக் கீழே போகாதபடி ஷட்டர் வேகத்தை வைத்து, ஐ.எஸ்.ஓ.வைப் பிறகு உயர்த்துங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது. ஆடிப்போன படத்தை அப்படி எளிதில் மீட்க முடியாது.

பட்டனைப் பாதி அழுத்தி, ஒரு நொடி பொறுங்கள். காட்சி மிதந்து வந்து நிற்பது வியூஃபைண்டரில் தெரியும். அப்புறம் முழுவதும் அழுத்துங்கள். ஒரே மூச்சாகக் குத்துகிறவர்களுக்கு ஸ்டெபிலைசேஷன் நிலைகொள்ள நேரமே கிடைப்பதில்லை.

முழங்கையை விலாவோடு ஒட்டி, தூணில் சாயுங்கள். குளப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றினால் இன்னும் உறுதி. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, தொடர்ச்சியாக நான்கைந்து எடுங்கள். முதலாவதும் கடைசியும் விரல் அழுத்தத்தில் ஆடும். நடுவில் ஒன்று தப்பும்.

கைப்பிடிச் சுவரோ திண்ணையோ இருந்தால் உளுந்துப் பையை வைத்து, அதில் கேமராவைப் பதித்து, 2 நொடி டைமரில் எடுங்கள். பை லென்ஸின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும். மடித்த துண்டுக்கு அந்த வசதி கொஞ்சம் குறைவு, அவசரத்துக்குப் போதும். ட்ரைபாடுக்கு அனுமதியில்லாத இடத்தில் ஒரு நொடி, இரண்டு நொடி படம்கூட இப்படிக் கிடைக்கும். கேமரா அசையாமல் உட்கார்ந்துவிட்டதால் இங்கேயும் ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டும்.

உடம்பில் ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமராவில் பழைய மேனுவல் லென்ஸைப் போட்டால் குவியத் தூரத்தை மெனுவில் நீங்களே கொடுக்க வேண்டும். தவறான எண் இருந்தால் அது தவறாகவே சரிசெய்யும்.

8. கூட்டத்தில்

திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி, தெப்பம் என்று கூட்டம் முட்டும் இடத்தில் மூன்று காலை விரிக்காதீர்கள். யாராவது தடுக்கி விழுவார்கள், கேமராவும் விழும். ஒற்றைக்கால் மோனோபாட் போதும். அதில் ஸ்டெபிலைசேஷன் போட்டே இருக்கட்டும். ஒரு கால் மேலும் கீழும் ஆடுவதைத்தான் தடுக்கும், பக்கவாட்டு ஆட்டம் மிச்சமிருக்கும்.

நகரும் தேரோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுப்பதானால், லென்ஸில் ஸ்டெபிலைசேஷனுக்கு இரண்டாவது மோட் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோட் சில லென்ஸ்களில் நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கமாக எடுத்துக்கொண்டு எதிர்க்கும்.

கார்த்திகையில் அகல் விளக்கருகே ஒரு முகம் என்றால் எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 1600, 1/60 இலிருந்து தொடங்குங்கள். ட்ரைபாட் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

9. ஆடிய படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அங்கேயே, கிளம்பும் முன், கேமராத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிதாகப் பார்த்தால் எல்லாப் படமும் தெளிவாகத்தான் இருக்கும். தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைத் தேடுங்கள், அதுதான் சாட்சி.

விளக்குகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. ட்ரைபாடில் எடுத்தும் அப்படி என்றால் பூட்டுத் தளர்வு, காற்று, இறங்கும் கால் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே விளக்கு இரட்டையாகத் தெரிந்தால் நடுவில் ஒரு தட்டு விழுந்திருக்கிறது: விரல், மிரர், அல்லது பேருந்து. விளக்கு திசையில்லாமல் உருண்டையாக ஊதியிருந்தால் அது ஃபோகஸ் பிழை. மண்டபம் கல்லாக நிற்க ஆள் மட்டும் கரைந்திருந்தால் ட்ரைபாடைக் குறை சொல்ல முடியாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். எல்லாவற்றைச் சுற்றியும் மெல்லிய புகை வளையம் இருந்தால் லென்ஸில் பனியோ கைரேகையோ படிந்திருக்கிறது.

காரணம் தெரியாமல் அதே படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில்தான் அந்தி நேரம் வீணாகிறது.

10. போனில் எடுப்பவர்களுக்கு

நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. சில போன்கள் தாம் அசையாமல் இருப்பதை உணர்ந்து நேரத்தைத் தாமே நீட்டும். அதனால் உளுந்துப் பையும் டைமரும் போனுக்கும் பொருந்தும். லென்ஸ் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒரு முறை துடைப்பதே பாதிப் படத்தைத் தேற்றிவிடும்.

11. திரும்பி வந்ததும்

கடற்கரைக்குப் போன ட்ரைபாடின் கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, பூட்டுகளைத் திறந்தபடியே நிழலில் காயவிடுங்கள். உப்பும் மணலும் உள்ளே தங்கினால் அடுத்த முறை கால் பாதியில் சிக்கிக்கொள்ளும். வயல் சேறு காய்ந்து இறுகும் முன் கழுவிவிட வேண்டும். ஸ்டெபிலைசேஷனை மறுபடி போட்டு, ஃபோகஸை ஆட்டோவுக்கும் ஐ.எஸ்.ஓ.வை வழக்கமான இடத்துக்கும் மாற்றிவிட்டுக் கேமராவைப் பையில் வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை பிள்ளையை எடுக்கும் முதல் பத்துப் படமும் மங்கலாகத்தான் வரும்.